பிள்ளைச்சாவடி மையத்தை மூடிய என் அறிக்கை

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது காலியான நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

“மேடம், இனிமே கள ஆய்வே கெடையாதாம். மையத்துக்காரங்களே போட்டோ எடுத்து ஆப்புல ஏத்திட்டா போதுமாம். நீங்கல்லாம் நேர்ல போயி எப்படிப் பாத்தீங்கன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன். புதுசா வந்தவங்க படிக்கட்டும். நல்ல அனுபவமா நாலு எழுதுங்க.”

நல்ல அனுபவம் நாலு என்னிடம் இல்லை. ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு தனியார் அறக்கட்டளையின் புதுச்சேரி கிளையில். இணையம் எட்டாத தெருக்களிலும் குப்பங்களிலும், அங்கிருப்பவர்களே நடத்தும் கணினி மையங்களுக்கு நிதி கொடுப்பது எங்கள் வேலை. ஒரு குழு விண்ணப்பிக்கும். இடம் அவர்களுடையது. கணினி, பிரிண்டர், இணைய இணைப்பு, கற்றுக்கொடுக்கிறவருக்குச் சம்பளம் எல்லாம் எங்களுடையது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கலாமா கூடாதா என்பதைக் கள ஆய்வு அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த அறிக்கையை எழுதுகிறவள் நான். பட்டப்படிப்பு, தட்டச்சு, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் சில வருஷம் என்று அலைந்து இங்கே வந்து சேர்ந்தபோது எனக்கு அறிக்கை எழுதவே தெரியாது. கற்றுக்கொடுத்தது மதாம்.

மதாம் ஜெர்மேன் எங்கள் கிளையின் பொறுப்பாளர். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அப்பா பட்டாளத்து பென்ஷன்காரர். மதாம் பிரான்சில் ஏதோ ஒரு நகராட்சி அலுவலகத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஃபைல் என்று சொல்ல மாட்டார், ‘தொசியே’ என்பார். பேனா தொட மாட்டார், சீவிய பென்சில்தான். அறிக்கையை உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். ஒரு பக்கம் முழுக்க ஒத்துக்கொண்டால்தான் அடுத்த பக்கம் திருப்புவார். அதுவரை நாம் எதிரில் நிற்க வேண்டும்.

நான் எழுதிய முதல் அறிக்கை உழவர்கரையில் ஒரு குடியிருப்பு மையத்தைப் பற்றியது. ‘மையம் சிறப்பாக இயங்குகிறது, தினமும் பலர் வந்து பயிற்சி பெறுகிறார்கள்’ என்று அழகாக எழுதியிருந்தேன். மதாம் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

“கஸ்தூரி, பலர் வர்றத நீ பாத்தியா, யாராச்சும் சொல்லிக் கேட்டியா?”

“அந்த ஒருங்கிணைப்பாளர் சொன்னாரு மதாம்.”

“சரி. கீபோர்டுல எந்த எழுத்து தேஞ்சிருக்கு?”

எனக்குப் புரியவில்லை.

“தினமும் பலர் தட்டுனா எழுத்து தேயும். எது தேஞ்சிருக்குன்னு பாத்துட்டு வா. சொல்லாம போ.”

மறுநாள் சொல்லாமல் போனேன். கீபோர்டில் ஒரு எழுத்தும் தேயவில்லை. இரண்டு கணினியில் பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த பிளாஸ்டிக் தாளே உரிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருங்கிணைப்பாளரின் மைத்துனர் அந்த அறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அந்த நிதி நின்றது. பதிலாக அதே உழவர்கரையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நடத்திய வேறொரு மையத்துக்குப் போனது. இதுதான் நான் சொன்ன அந்த ஒரு நல்ல அனுபவம்.

அதற்குப் பிறகு மதாம் எனக்கு ஒரு முறையைப் பழக்கினார். அறிக்கையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், ஓரத்தில் ஒரு எழுத்து போட வேண்டும். கண்ணால் பார்த்ததென்றால் ‘பா’. காதால் கேட்டதென்றால் ‘கே’. ‘கே’ அதிகமாக இருந்தால் திரும்பப் போக வேண்டும். இன்னொன்று, மூன்று பேர் சோதனை. மையத்துக்குள் இருக்கிறவர்களைச் சோதிக்கக் கூடாது. வெளியே வந்து, கூப்பிடு தூரத்துக்குள், டீக்கடையிலோ தண்ணீர்க் குழாயடியிலோ பஸ் நிறுத்தத்திலோ இருக்கும் மூன்று பேரை நாமே பிடிக்க வேண்டும். மையம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். அவர்களிடம் ஒரு சான்றிதழைத் தரவிறக்கச் சொல்ல வேண்டும், ஒரு தாளை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பச் சொல்ல வேண்டும், ஒரு மோசடி மெசேஜைக் காட்டி என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்களுக்கு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் அந்த மையம்.

இந்த முறையில் எனக்குக் கர்வம் இருந்தது. சொன்னால் வெட்கம்தான், ஆனால் இருந்தது. மற்ற கிளைக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள், நாங்கள் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம் என்ற கர்வம்.

பிள்ளைச்சாவடி மையத்துக்கு விண்ணப்பம் கொண்டுவந்தவள் வளர்மதி. மீன் விற்கிறவள். எட்டாவது வரை படித்தவள். கடற்கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையை டெம்போவில் ஏற்றி, டவுனுக்குள் தெருத்தெருவாக விற்றுவிட்டு, அதே கூடையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“நாத்தம் அடிக்கும் மேடம். நின்னுக்கினே சொல்றேன்” என்றாள். “தடைக்காலத்துல கடலுக்குப் போவ முடியாதில்ல, அதுக்கு கவர்மெண்டு நிவாரணம் குடுக்குது. அதுக்கு ஆன்லைன்ல பதியணும். ஒவ்வொண்ணுக்கும் கடக்காரன் கால்ல விழ வேண்டியிருக்கு. எங்க போனு, எங்க பேரு, எங்க பாஸ்வேர்டு, ஆனா எல்லாம் அவன் நோட்டுல இருக்கு. எங்களுக்கு நாங்களே போட்டுக்கத் தெரியணும். அவ்ளோதான்.”

விண்ணப்பப் படிவத்தில் ‘திட்டத்தின் நோக்கம்’ என்ற இடத்தில் அதையே அப்படியே எழுதச் சொன்னேன். மதாம் அதைப் படித்துவிட்டு ஒரு திருத்தமும் போடாமல் அனுப்பினார். பென்சில் படாத ஒரே தொசியே அதுதான்.

மீனவப் பஞ்சாயத்து, சமுதாயக் கூடத்தை ஒட்டிய அறையைக் கொடுத்தது. பெண்களே வெள்ளையடித்தார்கள். உப்புக் காற்றில் கணினியின் பின்பக்கம் துருப்பிடிக்கும் என்று, பழைய நைட்டியை வெட்டி உறை தைத்து, வேலை முடிந்ததும் மாட்டிவிடுவார்கள். பட்டம் படித்த ஒரு பெண் கற்றுக்கொடுத்தாள். வளர்மதியின் மகள் எழிலரசி அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் வருவாள். என்னை ‘ஆன்ட்டி’ என்பாள். நர்ஸ் ஆக வேண்டும் என்று முதல் நாளே சொன்னாள்.

இரண்டாம் வருஷப் புதுப்பித்தலுக்கு நான் சொல்லாமல் போய் இறங்கியது ஒரு மத்தியானம். மையத்துக்குள் நுழையவில்லை. தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்ற மூன்று பெண்களைப் பிடித்தேன். அதில் பாக்கியம் என்று ஒரு அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என் போனில் வைத்திருந்த மோசடி மெசேஜைப் படித்துக் காட்டினேன். உங்கள் நிவாரணம் நிறுத்தப்படுகிறது, உடனே இந்த லிங்கை அழுத்தவும் என்று இருக்கும்.

பாக்கியம் சிரித்துவிட்டார். “இது டுபாக்கூரும்மா. கவர்மெண்டு நமக்கு என்னிக்கு இவ்ளோ அவசரமா மெசேஜ் அனுப்பிருக்குது?”

மூன்று பேருமே தரவிறக்கினார்கள். மூன்று பேருமே மெயில் அனுப்பினார்கள். பாக்கியம் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார், ஆனால் யாரையும் கேட்கவில்லை. அறிக்கையில் நான் போட்ட அத்தனை எழுத்தும் ‘பா’.

அந்த வருஷம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து புது விதி வந்தது. பயிற்சி முடித்தவர்கள் ஆன்லைன் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். எத்தனை சான்றிதழ் என்பதுதான் இனி மையத்தின் கணக்கு. தேர்வுக்கு உட்காரும்போது கைரேகை வைத்தால்தான் கேள்வித்தாள் திறக்கும்.

பிள்ளைச்சாவடியில் கைரேகை விழவில்லை. ஐஸிலும் செதிலிலும் இருபது முப்பது வருஷம் ஊறின விரல்கள். பெண்கள் வெந்நீரில் கைகழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, துடைத்து, திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். மெஷின் பக்கத்திலேயே ஒரு எண்ணெய் பாட்டில் வைத்திருந்தார்கள். நாலைந்து பேருக்கு மட்டும் திறந்தது. பாக்கியத்துக்குத் திறக்கவே இல்லை.

அதே நேரத்தில் உழவர்கரையில் புதிதாக ஒரு பயிற்சி நிறுவனம் எங்கள் நிதியில் மையம் நடத்தியது. அங்கே சான்றிதழ் குவிந்தது. நான் போய்ப் பார்த்தேன். அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே காசு கட்டிக் கம்ப்யூட்டர் படிக்கிற கல்லூரி மாணவர்களையே வரிசையாக உட்காரவைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள். யாரும் யாருக்காகவும் எழுதவில்லை, ஒரு போலியும் இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வெளியே வந்து தெருவில் மூன்று பேரைக் கேட்டேன். அப்படி ஒரு மையம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு அறிக்கையையும் ஒரே நாளில் மதாமிடம் கொடுத்தேன். மதாம் ஜன்னலுக்குப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே படித்தார். எதிரில் என்னையும் உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“ரெண்டுல ஒண்ணத்தான் வச்சிக்க முடியும்னு மேல சொல்லிட்டாங்க” என்றார். “சான்றிதழ் கம்மியா இருந்தா புதுச்சேரி கிளையவே சென்னையோட சேத்துடுவாங்களாம். அப்புறம் உன் மத்த மையத்த எல்லாம் யாரு வந்து பாப்பா?”

“பிள்ளைச்சாவடியில மூணுக்கு மூணு மதாம். நானே பாத்தேன்.”

“நீ பாத்தேன்னு எனக்குத் தெரியாதா?” என்று மேஜைமேல் ஒரு புதுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். “இதுல எழுது. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது. பொய் ஒண்ணும் எழுதச் சொல்லல.”

படிவத்தில் ஓரமே இல்லை. வரிசையாகக் கட்டங்கள். இடம், கணினி எண்ணிக்கை, பதிவு செய்தவர்கள், பயிற்சி முடித்தவர்கள், சான்றிதழ் பெற்றவர்கள். சான்றிதழ் இல்லாதவர்கள் ‘முடிக்காதவர்கள்’ என்ற கட்டத்தில் போக வேண்டும். பாக்கியத்தை முடிக்காதவர் என்று எழுதினேன். கடைசியில் ‘வேறு குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நாலு வரி எழுதலாம். கைரேகை விஷயத்தை எழுதலாம், குழாயடியை எழுதலாம். நான் நிமிர்ந்து மதாமைப் பார்த்தேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுதியிருந்தால் என் வேலை போயிருக்காது. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருந்தது, யாரும் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். மதாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்த முகம் கோணக்கூடாது என்பதற்காகத்தான் எழுதவில்லை. இதைப் பயம் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

சாமான்களைத் திரும்ப எடுக்கப் போகிற வேலையும் என்னுடையது. விதிப்படி, நிதி நின்றால் கணினி எங்களுக்குத் திரும்ப வர வேண்டும். ஒரு சரக்கு ஆட்டோவை அமர்த்திக்கொண்டு போனேன். வளர்மதி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளே ஒயர்களைப் பிடுங்கி, சுருட்டி, நூல் கட்டிக் கொடுத்தாள். நான் நீட்டிய அந்தப் படிவத்தின் நகலில் என் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுமுன் நின்று படித்தாள். படிக்கத் தெரிந்தவள். முடிக்காதவர்கள் என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

“யக்கா, குழாயாண்ட நின்னு நீங்கதான கேட்டீங்க? பாக்கியம் அத்தை போட்டுக் காட்டுச்சே.”

“ஆமா வளர்மதி.”

“அது இதுல எங்க இருக்குது?”

“அதுக்கு இதுல இடம் இல்ல” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எண்ணெய் பாட்டிலையும் எடுத்து ஆட்டோவில் வைத்தாள். “இதுவும் உங்க காசுல வாங்குனதுதான். எடுத்துக்கினு போங்க.”

மறு வருஷம் எழிலரசி பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். கல்லூரிச் சேர்க்கைக்கு ஆன்லைன் விண்ணப்பம் திறந்தபோது வீட்டிலிருந்த ஒரே போனை அப்பா கடலுக்குக் கொண்டுபோயிருந்தார். அந்தப் பெண் பெரிய ரோட்டில் இருந்த ஒரு பிரவுசிங் கடைக்குப் போனாள். நானே போட்டுக்கிறேன் அண்ணா, எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். “தள்ளும்மா, பின்னாடி எவ்ளோ பேரு நிக்கிறாங்க” என்று கடைக்காரர் கீபோர்டை விடவில்லை. சாதிச் சான்றிதழ் ஏற்ற வேண்டிய இடத்திலும் இருப்பிடச் சான்றிதழையே ஏற்றினார். போன் நம்பருக்கு, வேலை சீக்கிரம் முடிய வேண்டுமே என்று, தன் நம்பரையே போட்டார். தவறைத் திருத்தச் சொல்லி வந்த மெசேஜ் அவர் போனுக்குப் போனது. அன்றைக்கு அவருக்கு எத்தனையோ மெசேஜ். பட்டியல் வந்தபோது எழிலரசி பொதுப்பிரிவில் எங்கோ கீழே கிடந்தாள். இட ஒதுக்கீட்டில் அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கியவர்களுக்கு நர்சிங் கிடைத்தது.

வளர்மதி அலுவலகத்துக்கு வந்தாள். இந்த முறை கூடை இல்லை, நல்ல புடவை கட்டியிருந்தாள். “நீங்க எழுதுனா கேப்பாங்கக்கா” என்றாள். பக்கத்தில் உட்காரவைத்துப் புகார் மனு எழுதினேன். பா, கே எல்லாம் போட்ட காலத்தில்கூட அத்தனை கவனமாக எழுதியதில்லை. சான்றிதழ்களை இணைத்துச் சேர்க்கைக் குழுவுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. திருத்தத்துக்கான காலம் முடிந்துவிட்டது, மனு முடித்துவைக்கப்படுகிறது.

மதாமிடம் போய்ச் சொன்னேன். ஜன்னலோரம் நின்று வேறு ஏதோ தொசியே படித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, “அந்தக் கடைக்காரன் போட்ட விண்ணப்பத்த நீ பாத்தியா, அவங்க சொல்லிக் கேட்டியா?” என்றார்.

“கேட்டேன் மதாம்.”

“ம்” என்று பக்கத்தைத் திருப்பினார்.

அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை அவரோடு வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. பிறகு மகனோடு இருக்கப் பிரான்சுக்கே திரும்பிவிட்டார். நான் வேலையில் இருந்தபோதே உழவர்கரை நிறுவனத்துக்குச் சிறந்த மையம் என்று விருது கொடுத்தார்கள். அந்த விழாவில் வரவேற்புரை நான்தான் படித்தேன்.

ஓய்வு பெற்ற சில மாதம் கழித்துப் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். என் சொந்த லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாரத்தில் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு விண்ணப்பம் விடாமல் போட்டுத்தருகிறேன் என்று சொல்வதாகத் திட்டம். வளர்மதி வீட்டில் இருந்தாள். எழிலரசிக்கும் அன்று விடுமுறை. நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டுமாம், காலில் வீக்கம் தெரிந்தது.

“ஆன்ட்டி!” என்று எழுந்து வந்தாள். நாற்காலி போட்டாள். அவளே டீ போட்டுக் கொடுத்தாள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம்.

“நீங்க இருந்தப்ப நல்லா இருந்துச்சு ஆன்ட்டி. நம்ம மையத்துல யாருக்குமே ஒண்ணும் தெரியலன்னு எவனோ எழுதிக் குடுத்துட்டானாமே, அதனாலதான மூடுனாங்க? அது யாரு ஆன்ட்டி? உங்க ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

வளர்மதி குறுக்கே வந்தாள். “மேல இருக்கறவங்க யாரோ எழுதிருப்பாங்க. இவங்களுக்கு எப்படித் தெரியும்? போயி பிஸ்கட் எடுத்தா.”

வளர்மதிக்குத் தெரியும். என் கையெழுத்துக்குக் கீழேதான் அவள் கையெழுத்து இருக்கிறது. இத்தனை நாளும் மகளிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீ கையில் சுட்டது. நான் சும்மா இருந்திருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

“நான்தான் எழுதினேன் எழில்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா மறுக்கவில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட நான் பதில் சொல்லத் தயாராக இருந்தேன், மன்னிப்பு கேட்கவும் தயாராக இருந்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வளர்மதி என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். டீ பாதிகூட முடியவில்லை. கோபமாகப் பேசவில்லை, களைப்பாகப் பேசினாள்.

“எதுக்கு மேடம் சொன்னீங்க? சொல்லிட்டா உங்களுக்கு மனசு லேசாவும். அது உங்களயாச்சும் நல்லவங்கன்னு நெனச்சிக்கினு இருந்துச்சு. அந்த மாதிரி நெனக்கிறதுக்கு அதுக்கு இருந்தது ரெண்டு மூணு பேருதான்.”

பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அவள் சொன்னது சரி. மனசு லேசாகத்தான் இருந்தது.